மினி சூறாவளி என்று நாம் சொல்லும் காற்று எங்கிருந்து வருகிறது?

பின்னேர மழையோடு வந்த காற்றில் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு கிராமத்தின் கூரைத் தகரங்கள் பறந்துவிட்டால், அடுத்த நாள் செய்தியில் அது ‘மினி சூறாவளி’ ஆகிவிடும். வாட்ஸ்அப் குழுக்களில் அதோடு அமெரிக்க டொர்னாடோ வீடியோ ஒன்றும் சேர்ந்து சுற்றும். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியை அனுபவித்த மூத்தவர்கள், அது திரும்பி வரப்போகிறதோ என்று அன்றிரவு சரியாக நித்திரை கொள்ளமாட்டார்கள்.

இந்த மூன்றும் வேறு வேறு சங்கதிகள். உருவாகும் விதம் வேறு, அளவு வேறு, நீடிக்கும் நேரம் வேறு, நாம் செய்யவேண்டியதும் வேறு. பேச்சில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான், காற்றடித்த மறுநாள் “சூறாவளி எச்சரிக்கை ஒன்றும் தரவில்லையே” என்று வளிமண்டலவியல் திணைக்களத்தைக் குறைசொல்கிறோம். அன்றைய அறிக்கையை எடுத்துப் பார்த்தால், இடியுடன் கூடிய மழை பெய்யும்போது தற்காலிகமாகப் பலத்த காற்றும் வீசலாம் என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும். அந்த வரி இந்தக் காற்றைப் பற்றியதுதான். கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதால் அது நம் காதில் ஏறுவதில்லை.

நம் பகுதியில் கூரையைக் கழற்றும் அந்தப் பத்து நிமிடக் காற்று, அநேகமான வேளைகளில், ஓர் இடிமுகில் மேலிருந்து கீழே தள்ளிவிடும் காற்று. அதை விளங்கிக்கொள்ள முதலில் முகிலைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## இடிப்பது ஒரு வகை முகில்தான்

முகில்களை உருவத்தை வைத்து வகைபிரிக்கும் முறையை 1802இல் முன்வைத்தவர் லூக் ஹவார்ட் என்ற லண்டன்காரர். மருந்து தயாரிப்பது அவருக்குத் தொழில், வானம் பார்ப்பது ஆசை. அவர் போட்ட அத்திவாரத்தின் மேல்தான் உலக வானிலை அமைப்பு இன்று முகில்களைப் பத்து வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. பத்தையும் பாடமாக்கத் தேவையில்லை. நான்கு போதும்.

மிக உயரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரிவது கீற்று முகில். அது முழுக்கப் பனித்துகள். வானத்தை மூடி நரைத்த நிறத்தில் பரந்து கிடப்பது படை முகில். மார்கழியில் இரண்டு மூன்று நாள் வெயிலே காட்டாமல் விடாது தூறுகிறதே, அந்த மாதிரி மழை தடித்த படை முகிலின் வேலை. அடி தட்டையாகவும் மேல்பக்கம் புடைத்தும், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்பது திரள் முகில். காலை பத்து மணியளவில் வயல்வெளிக்கு மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிவது இதுதான். சாதுவானது, அநேகமாக மழைகூடத் தராது.

இந்தத் திரள் முகில் நிற்காமல் மேலே மேலே வளர்ந்து, அடி கறுத்து, உச்சி பனியாகி, தலை தட்டையாகப் பரந்துவிட்டால் அதற்குப் பெயர் திரள் கார்முகில். நான் இங்கே சுருக்கமாக இடிமுகில் என்கிறேன். இடி, மின்னல், ஆலங்கட்டி, கூரையைப் பறக்கவைக்கும் காற்று, அமெரிக்காவின் பெரிய டொர்னாடோக்கள் எல்லாம் இந்த வகை முகிலிலிருந்துதான் வருகின்றன. மற்ற ஒன்பது வகையும் இடிப்பதில்லை.

அதன் பருமனை நாம் கீழே நின்று உணர்வதில்லை. நம்மூர்ப் பின்னேரங்களில் அதன் அடி நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். உச்சி 15, 16 கிலோமீற்றர் வரை போகலாம். இலங்கையின் மிக உயரமான பிதுருதாலகாலை மலை 2,524 மீற்றர். அப்படி ஆறு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த உயரம் வரும். பயணிகள் விமானங்கள் பறப்பது 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில். அதனால் விமானிகள் இந்த முகிலுக்கு மேலால் போக முயலாமல் சுற்றிப் போகிறார்கள்.

## படுவான்கரையில் முகில் எழும்புவது எப்படி?

இடிமுகில் வளர மூன்று வேண்டும்: நிலத்தை ஒட்டிய காற்றில் நிறைய ஈரம், நிலத்தில் நல்ல சூடு, அந்தக் காற்றை மேலே கிளப்பிவிட ஓர் உந்தல். மட்டக்களப்பில் மூன்றுக்கும் பஞ்சமில்லை.

ஈரத்தைப் பாருங்கள். கிழக்கே வங்கக்கடல், நடுவில் நீளமாக வாவி, மேற்கே உன்னிச்சை, அதற்கும் தெற்கே அம்பாறைப் பக்கம் சேனாநாயக்க சமுத்திரம் என்று குளங்கள். 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 பாகைக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குமேல் தாங்காது. இந்த வித்தியாசம்தான் முழுக் கதைக்கும் அடிப்படை.

சூட்டுக்கு வருவோம். நடுப்பகலில் நிலம் கொதிக்கிறது, கடல் அவ்வளவு சூடாவதில்லை. நிலத்துக்கு மேலுள்ள சூடான காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்காற்று உள்ளே வருகிறது. கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடிக் கரையில் நுழையும் அது எழுவான்கரையைக் கடந்து, வாவியைக் கடந்து, படுவான்கரை வயல்களுக்குள் போகிறது. அங்கே மேற்கிலிருந்து வரும் காற்று எதிர்ப்படுகிறது. இரண்டு காற்றும் முட்டுகிற இடத்தில் காற்றுக்குப் போக வழி மேலேதான். உந்தல் என்றேனே, அது இதுதான். கடற்கரையில் நிற்பவருக்குத் தலைக்குமேல் வானம் வெளித்திருக்க, கரடியனாறு, உன்னிச்சை, வெல்லாவெளிப் பக்கம் முகில் குவிவதற்கு இதுவே காரணம். அம்பாறையில் இங்கினியாகலை மலைச் சரிவுகளும் காற்றை மேலே ஏற்றிவிடக் கைகொடுக்கின்றன.

பருவக்காற்று தளர்ந்திருக்கும் இரண்டு இடைக்காலங்களில், அதாவது மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும், இந்த அன்றாடச் சுழற்சி மிகத் தெளிவாக நடக்கும். வெளியிலிருந்து பெருங்காற்று வந்து கலைக்காதபோது, காலை வெயில், நடுப்பகல் கடல்காற்று, பின்னேர இடி என்று ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது.

சரி, மேலே கிளம்பிய காற்றுக்கு என்ன ஆகிறது? உயரம் கூடக்கூட அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், விரிந்தால் குளிரும். ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை குளிர்கிறது. ஓர் உயரத்தில், தான் கொண்டுவந்த நீராவியை அதனால் இனித் தாங்கமுடியாது. ஆவி நுண்ணிய நீர்த்துளியாகிறது. முகிலின் அடி தட்டையாக இருப்பதன் இரகசியம் இது. அயலில் எழும்பும் காற்றெல்லாம் ஏறத்தாழ ஒரே உயரத்தில் அந்த எல்லையைத் தொடுகிறது.

இனித்தான் முக்கியமான கட்டம். குளித்துவிட்டு ஈர உடம்போடு காற்றில் நின்றால் குளிர்கிறது. உடம்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டுதான் தண்ணீர் ஆவியாகிறது. அந்த ஆவி மறுபடி நீராகும்போது, எடுத்த வெப்பம் முழுவதையும் சுற்றியுள்ள காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இதற்கு மறைவெப்பம் என்று பெயர். முகிலுக்குள் துளிகள் உருவாக உருவாக இந்த வெப்பம் வெளியாகி, ஏறும் காற்றை அயல்காற்றைவிடச் சூடாகவே வைத்திருக்கிறது. சூடாக இருக்கும்வரை அது ஏறிக்கொண்டே இருக்கும். ஏற ஏற மேலும் ஆவி நீராகும், மேலும் வெப்பம் வெளியாகும். முகில் தன் எரிபொருளைத் தானே சுமந்துகொண்டு ஏறுகிறது. இந்த ஓட்டத்தை ஏறுகாற்று என்போம்.

எவ்வளவு வெப்பம்? ஒரு சதுர கிலோமீற்றர் பரப்பில் ஒரு சென்ரிமீற்றர் மழை பெய்தால் அது 10,000 தொன் தண்ணீர். அவ்வளவு ஆவியும் நீராகும்போது வெளிவரும் வெப்பம், 900 மெகாவாட் திறனுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையம் முழுமூச்சாக ஏழரை மணித்தியாலத்துக்குமேல் ஓடித் தரும் மின்சாரத்துக்குச் சமமான சக்தி. ஒரு நல்ல பின்னேர மழை பல சதுர கிலோமீற்றரில், பல சென்ரிமீற்றர் பெய்யும். இவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு பலமான காற்று எங்கிருந்து வந்தது என்று வியக்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். சக்தி வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, முகிலுக்குள்ளேயே இருக்கிறது.

ஏறுகாற்று கடைசியில் மாறன் மண்டலத்தின் உச்சியில் முட்டுகிறது. வானிலை எல்லாம் நடக்கும் கீழ்ப்படைக்குத்தான் மாறன் மண்டலம் என்று பெயர். அதற்கு மேலே உயரம் கூடியும் காற்று குளிர்வதில்லை என்பதால் ஏறிவந்த காற்று அங்கே அயலைவிடச் சூடாக இருக்காது. மேலே போகமுடியாமல் பக்கவாட்டில் பரவுகிறது. அந்தத் தட்டையான தலையைக் கண்டால் முகில் முற்றிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இதுவரை: ஈரக்காற்று சூட்டாலும் உந்தலாலும் எழும்புகிறது, குளிர்ந்து முகிலாகிறது, ஆவி நீராகும்போது வரும் மறைவெப்பம் அதை இன்னும் மேலே தள்ளுகிறது. இவ்வளவும் மேல்நோக்கிய பயணம். சேதம் தருவது கீழ்நோக்கிய பயணம்.

## மின்னலுக்குப் பனி வேண்டும்

நம்மூர் வெக்கையில் தலைக்குமேல் பனி இருக்கிறது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு மேலே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போய்விடுகிறது. இடிமுகிலின் பெரும்பகுதி அந்த உயரத்துக்கு மேலேதான் இருக்கிறது. அங்கே மென்மையான சிறு பனியுருண்டைகளும் அவற்றைவிடச் சிறிய பனிப் படிகங்களும் ஏறுகாற்றில் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதும்போது மின்னேற்றம் பிரிகிறது. இலேசான படிகங்கள் நேரேற்றத்தோடு மேலே போக, பாரமான உருண்டைகள் மறையேற்றத்தோடு நடுப்பகுதியில் தங்குகின்றன. வேறுபாடு அளவுக்கு மிஞ்சும்போது மின்னல் பாய்கிறது. அது பாயும் பாதையில் காற்று கணநேரத்தில் 30,000 பாகை வரை சூடாகி வெடித்து விரிகிறது. அந்த வெடிப்புத்தான் இடி.

ஆலங்கட்டியும் இந்தப் பனியிலிருந்து வருவதே. கரையோரத்தில் அதை அரிதாகவே காண்கிறோம். கீழே வரும் வழியிலுள்ள சூடான காற்றில் பெரும்பாலும் உருகிவிடுகிறது. உருகும்போதும் அது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்குத் தேவைப்படும்.

## கூரையைக் கழற்றுவது இறங்குகாற்று

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946, 1947இல், அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஒஹாயோவிலும் ஹொரஸ் பயர்ஸ், ரொஸ்கோ பிரஹாம் என்ற ஆய்வாளர்கள் விமானங்களை இடிமுகில்களுக்கு உள்ளேயே அனுப்பி அளந்தார்கள். ஒரு சாதாரண இடிமுகிலின் வாழ்க்கை மூன்று கட்டமாக நடக்கிறது என்று கண்டது அந்த ஆய்வு. முதலில் ஏறுகாற்று மட்டும். பிறகு ஏறுகாற்றும் இறங்குகாற்றும் பக்கத்தில் பக்கத்தில். கடைசியில் இறங்குகாற்று மட்டும், அத்தோடு முகில் செத்துவிடும். எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரைதான்.

இறங்குகாற்று ஏன் வருகிறது? மழையும் பனியும் விழும்போது தங்களோடு காற்றையும் இழுத்துக்கொண்டு வருகின்றன. அது ஒரு காரணம். அதைவிடப் பலமான காரணம் குளிர்ச்சி. விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது, பனி உருகுகிறது. இரண்டுமே காற்றின் வெப்பத்தை எடுத்துவிடுகின்றன. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, பாரமானது. அயல்காற்றைவிடப் பல பாகை குளிர்ந்த ஒரு பெரிய காற்றுத் திணிவு முகிலுக்குக் கீழே உருவானால், அது நிலத்தை நோக்கி வேகமெடுத்து விழும்.

விழுந்த பிறகு என்ன நடக்கும் என்பதைக் கிணற்றடியில் பார்க்கலாம். சீமெந்துத் தரைக்கு மேலே ஒரு வாளித் தண்ணீரை ஒரே தடவையில் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் நேராகத்தான் விழுகிறது, ஆனால் தரையில் பட்ட கணத்தில் நாலாபக்கமும் சிதறி ஓடுகிறது. விழுந்த இடத்தைவிட, அதிலிருந்து ஓரடி தள்ளித்தான் வேகம் கூட. இறங்குகாற்றும் நிலத்தில் பட்டதும் அப்படியே எல்லாத் திசையிலும் பரந்து பாய்கிறது. இந்தத் திடீர்ப் பாய்ச்சலை வானிலையாளர்கள் டவுன்பேர்ஸ்ட் என்பார்கள். நாம் இறங்குவீச்சு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டும் வேகம் இதில் சாதாரணமாக வரக்கூடியது. அதன் அகலம் அநேகமாகச் சில கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். 4 கிலோமீற்றருக்குக் குறைவானவை சில நிமிடங்களிலேயே தணிந்துவிடுகின்றன. ஒரு கிராமத்தில் வீடுகளின் கூரை போயிருக்க, அடுத்த கிராமத்துக்குச் சேதி தெரியாமலே இருப்பது இதனால்தான்.

அது வரும் விதத்தை வளவுக்குள் நின்றே கவனிக்கலாம். பின்னேரம் மூன்று, மூன்றரை. ஒரு இலையும் அசையாது, வியர்வை வழியும். மேற்கே கறுத்த வானம். திடீரென்று மண் நனைந்த வாசத்தோடு ஒரு குளிர்காற்று முகத்தில் படும். இங்கே மழையே தொடங்கியிருக்காது. பக்கத்து ஊரில் பெய்த மழை குளிரவைத்த காற்று மழையை முந்திக்கொண்டு ஓடிவந்திருக்கிறது. தென்னோலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும், கதவு ஜன்னல்கள் அடித்துச் சாத்தும், கொடியில் கிடந்த உடுப்பு வேலிக்கு அப்பால் போய்விடும். ஓரிரு நிமிடத்தில் பெரிய பெரிய துளிகள். அந்த முதல் குளிர்காற்றுத்தான் இறங்குகாற்றின் முன்விளிம்பு. கடும் வேகம் பெரும்பாலும் அதோடு ஒட்டியே வருகிறது.

கச்சான் காலத்தில் வரும் இடிமழைக்கு இன்னொரு விசேடம் உண்டு. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையிறங்கி வறண்டு சூடாகி நம் பக்கம் வருவதே கச்சான். மட்டக்களப்பில் அது வெப்பநிலையை 38 பாகைக்குக் கிட்டக் கொண்டுபோகும். அப்படிப்பட்ட வறண்ட காற்றுக்குள் மழை விழுந்தால் ஆவியாவது கூட, குளிர்வது கூட, ஆகவே விழும் வேகமும் கூட. மழை சொற்பமாகவும் காற்று மூர்க்கமாகவும் இருக்கும் நாட்களுக்கு இதுவே விளக்கம்.

இறங்குவீச்சைக் கண்டுபிடித்த கதையும் சொல்லவேண்டியது. தெத்சுயா புஜித்தா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, 1945இல் நாகசாக்கியிலும் ஹிரோஷிமாவிலும் குண்டு வெடித்த இடத்திலிருந்து மரங்கள் எல்லாத் திசையிலும் வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்ததை நேரில் பார்த்தவர். பிற்காலத்தில் அமெரிக்காவில் டொர்னாடோ ஆய்வில் பெயரெடுத்தார். 1974 ஏப்ரலில் பெருந்தொகையான டொர்னாடோக்கள் தாக்கிய பகுதிகளை விமானத்திலிருந்து பார்த்தபோது, சில இடங்களில் மரங்கள் சுழன்று விழாமல் நாகசாக்கியில் கண்டதைப் போலவே வெளிநோக்கிச் சாய்ந்திருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டு ஜூன் 24 அன்று நியூயோர்க்கில் இடிமழைக்குள் தரையிறங்க வந்த விமானமொன்று விழுந்து 113 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த புஜித்தா, முகிலிலிருந்து விழுந்த காற்றுத்தான் விமானத்தைத் தரையில் அடித்தது என்றார். பலர் ஏற்கவில்லை. 1978இல் சிக்காகோவுக்கு அருகே ராடார்களை நிறுத்தி அளந்தபோது அவர் சொன்ன காற்று அப்படியே பதிவானது. உலகின் நிபுணர்களே அரை நூற்றாண்டுக்கு முன்புதான் பிரித்தறிந்த ஒன்றை நாம் இன்னும் சூறாவளியோடு குழப்பிக்கொள்வது பெரிய குற்றமில்லை. ஆனால் இனியாவது பிரித்துப் பார்க்கலாம்.

“தகரம் சுழன்று சுழன்று பறந்ததை என் கண்ணால் பார்த்தேன், அது சுழல்காற்றுத்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. கூரைக்கு மேலால் வேகமாகக் காற்றோடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. திறந்த கதவு, ஜன்னல் வழியே புகுந்த காற்று உள்ளிருந்து மேலே தள்ளுகிறது. விளிம்பில் ஓர் ஆணி கழன்றாலே போதும். கழன்ற தகரம் நேர்க்காற்றிலும் புரண்டு சுழன்றுதான் பறக்கும். தகரம் சுழன்றதை வைத்துக் காற்று சுழன்றது என்று முடிவுகட்ட முடியாது.

சுருக்கமாக: மழை குளிரவைத்த பாரமான காற்று விழுந்து, நிலத்தில் பட்டு, வெளியே பரந்து பாய்கிறது. சில கிலோமீற்றர், சில நிமிடம். நம் ‘மினி சூறாவளி’களில் பெரும்பாலானவை இந்த வகை.

## டொர்னாடோ ஏன் இங்கே அரிது?

டொர்னாடோ என்பது இடிமுகிலின் அடியிலிருந்து நிலம்வரை எட்டும், மிக வேகமாகச் சுழலும் ஒடுங்கிய காற்றுத் தூண். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 பதிவாகின்றன. மிகக் கொடியவற்றில் காற்று மணிக்கு 320 கிலோமீற்றரைத் தாண்டும்.

அதற்கு இடிமுகில் மட்டும் போதாது. நிலத்தருகே காற்று ஒரு திசையில் மெதுவாகவும், மேலே போகப்போக வேறு திசையில் மிக வேகமாகவும் வீசவேண்டும். உயரத்தோடு காற்று இப்படி மாறுவதை வெட்டுக்காற்று என்று சொல்லலாம். கீழே மெதுவும் மேலே வேகமும் இருந்தால் இடையிலுள்ள காற்று படுக்கைவாட்டில் உருளத் தொடங்கும். பலமான ஏறுகாற்று ஒன்று அந்த உருளலை நிமிர்த்திவிட்டால் முகிலே முழுதாகச் சுழல ஆரம்பிக்கும். அப்படிச் சுழலும் இராட்சத முகிலுக்கு சூப்பர்செல் என்று பெயர். அது ஒரு மணித்தியாலத்தில் செத்துப்போவதில்லை, பல மணித்தியாலம் உயிரோடிருக்கும். அதன் அடியில் சுழற்சி ஒடுங்கும்போது வேகம் கூடி, சில வேளைகளில் டொர்னாடோ இறங்குகிறது.

சூப்பர்செல் உருவாக, நிலத்துக்கும் 6 கிலோமீற்றர் உயரத்துக்கும் இடையே காற்று மணிக்கு 70 கிலோமீற்றரளவு வித்தியாசப்படவேண்டும் என்பது வானிலையாளர் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. நமக்கு இடி அதிகமாக இருக்கும் இடைப்பருவ மாதங்களிலோ, கீழேயும் மேலேயும் காற்று மந்தம். ஈரமும் சூடும் தாராளம், வெட்டுக்காற்று இல்லை. அதனால் நம் முகில்கள் உயரமாக வளர்ந்து, கொட்டித் தீர்த்துவிட்டு, தங்கள் மழையாலேயே ஏறுகாற்றை அணைத்துக்கொண்டு செத்துவிடுகின்றன.

வங்காள விரிகுடாவின் வடமுனையில் நிலைமை வேறு. பங்களாதேசில் கோடையில் கீழே கடலின் ஈரக்காற்றும், மேலே வேகமான மேல்காற்றும் ஒன்றுசேர்கின்றன. 1989 ஏப்ரல் 26 அன்று அங்கே மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் வீசிய டொர்னாடோவில் ஏறத்தாழ 1,300 பேர் உயிரிழந்தார்கள். உலகில் பதிவானவற்றுள் அதிக உயிர்களைக் கொண்டுபோனது அதுதான். ஒரே விரிகுடா, ஒரே மாதம், ஒரே வகை முகில். மேல்காற்று மட்டும்தான் வேறு.

சுழலும் காற்று நம்மிடம் அடியோடு இல்லையென்று சொல்லமாட்டேன். வளர்ந்துவரும் முகிலின் அடியிலிருந்து கடல்வரை மெல்லிய தூணாகத் தொங்கும் நீர்ச்சுழல் உண்டு. சூப்பர்செல் இல்லாமலே, சாதாரணத் திரள் முகிலுக்குக் கீழேயும் அது வரும். முகில் கடல்நீரை உறிஞ்சிக் குடிக்கிறது என்பார்கள். உண்மையில் நாம் காணும் தூணின் பெரும்பகுதி, காற்றிலிருந்த ஆவி குளிர்ந்து உண்டான துளிகள். கடல்நீர் அடியில் சிதறும் அளவோடு சரி. பெரும்பாலானவை பலவீனமானவை என்றாலும், தோணியைப் புரட்டப் போதுமானவை.

கோடையில் அறுவடை முடிந்த வயலில் சருகையும் புழுதியையும் தூக்கிச் சுழற்றும் காற்று இன்னொன்று. அதற்கும் முகிலுக்கும் சம்பந்தமே இல்லை. வெயிலில் கொதித்த தரையிலிருந்து எழும்பும் காற்று அது. வானம் வெளித்த நாளில்தான் வரும்.

## சூறாவளி

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கியது அசல் சூறாவளி. ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் போயின, தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. சூறாவளி என்பது நூற்றுக்கணக்கான இடிமுகில்கள் சூடான கடலுக்குமேல் ஒரு மையத்தைச் சுற்றி ஒழுங்குபட்டு, பூமி சுழல்வதன் விளைவால் தாமும் சுழலும் தொகுதி. பல நூறு கிலோமீற்றர் அகலம், பல நாள் ஆயுள். செய்மதிப் படத்தில் நாட்களுக்கு முன்பே தெரியும், பெயர் வைப்பார்கள், பாதை சொல்வார்கள். இறங்குவீச்சுக்கு அப்படி எதுவும் செய்யமுடியாது. இன்று இந்தப் பிரதேசத்தில் இடிமழைக்குச் சாத்தியம் உண்டு என்பதுவரைதான் காலையிலேயே சொல்லலாம். எந்தக் கிராமத்தின் மேல் விழும் என்பது முகில் முற்றும்வரை யாருக்கும் தெரியாது.

## விழுந்த மரங்கள் சொல்லும் சாட்சி

காற்றடித்த மறுநாள், எது வந்தது என்று கண்டறிய புஜித்தா செய்ததையே நாமும் செய்யலாம். வாழைத்தோட்டம் இதற்கு மிக நல்லது. எல்லா வாழையும் ஒரே பக்கம் தலைவைத்துக் கிடந்தாலோ, ஓரிடத்திலிருந்து விசிறி விரிந்த மாதிரி வெளிநோக்கிக் கிடந்தாலோ அது இறங்குவீச்சு. ஒடுங்கிய நீண்ட பட்டை ஒன்றில் மட்டும் சேதமிருந்து, பட்டையின் இரு பக்க மரங்களும் நடுவை நோக்கிக் குறுக்கும் மறுக்குமாக விழுந்திருந்தால் சுழல்காற்று என்று சந்தேகிக்கலாம். தகரம், கிளைகளைத் துப்புரவாக்குவதற்கு முன் உயரமான இடத்திலிருந்து இரண்டு படம் எடுத்து வைத்தால் அதற்குப் பெறுமதி உண்டு. செய்தி எழுதும் நண்பர்களிடமும் இதைத்தான் கேட்பேன். தலைப்புப் போடுமுன் மரங்கள் எந்தப் பக்கம் விழுந்தன என்று ஊராரிடம் விசாரியுங்கள்.

## பின்னேரத்தில் கவனிக்கவேண்டியவை

மேற்கே திரள் முகில் அகலத்தைவிட உயரமாக வளர்வது முதல் அறிகுறி. அதன் உச்சியின் கூரிய விளிம்பு மங்கி நார்நாராகத் தெரிந்தால் பனியாகிவிட்டது, மின்னல் அண்மையில் என்று அர்த்தம். அடியில் கறுத்த நீளமான விளிம்பு ஒன்று தாழ்ந்து நகர்ந்து வந்தால் இறங்குகாற்றின் முன்விளிம்பு முகிலாகத் தெரிகிறது. வாவியில் தோணியில் இருப்பவர்கள் கரைதட்ட வேண்டிய நேரம் அது. குளிர்காற்று முகத்தில் பட்டபிறகு திரும்பத் தொடங்கினால் போதிய நேரம் கிடைக்காது. வீட்டில் இருப்பவர்கள் கதவு, ஜன்னலைச் சாத்துங்கள், தென்னைக்குக் கீழே நிறுத்திய மோட்டார் சைக்கிளை எடுங்கள், பிள்ளைகளைத் தகரக் கொட்டிலுக்குள் விடாமல் கல்வீட்டுக்குள் கூப்பிடுங்கள்.

மின்னலைக் கண்டு இடி கேட்கும்வரை செக்கன்களை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீற்றர் கணக்கில் தூரம் வரும். முப்பது செக்கனுக்குக் குறைந்தால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது, உள்ளே போய்விடவேண்டும். பெரும்போக விதைப்பு நடக்கும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களும் இடிமுகில் மாதங்களும் ஒன்றாக வருவதால் நம் பகுதியில் வயலில் நிற்பவர்களுக்கே ஆபத்து அதிகம். சமதரையான வயலில் நிமிர்ந்து நிற்கும் மனிதர்தான் உயரமான பொருள். வயலோரத்துத் தனிமரமும், நாலு பக்கமும் திறந்த வாடியும் பாதுகாப்பு இல்லை. சுவருள்ள வீடு, இல்லையென்றால் கூரையுள்ள வாகனத்துக்குள். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழியும்வரை வெளியே வரக்கூடாது. மழை விட்டபின்னும் முகிலின் பரந்த தலை மேலேயே நிற்கும், அதிலிருந்தும் மின்னல் இறங்கும்.

கையிலுள்ள போன் மின்னலை இழுக்கும் என்ற பயம் தேவையற்றது. சார்ஜில் போட்ட போனைக் காதில் வைத்திருப்பதுதான் ஆபத்து, மின்னலின் மின்சாரம் வயர் வழியே வரலாம். காற்றில் அறுந்து கிடக்கும் மின்கம்பிக்குக் கிட்டப் போகாமல் மின்சார சபைக்கு அறிவித்துவிட்டு, வீடு சேதமாகியிருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.